சந்தனம் ஒட்டிய சென்சார்

அந்த நாற்காலி ஒரு பக்கம் ஆடும், இதில் உட்காருங்கள். நவநீதனைப் பற்றி விசாரிக்கத்தானே வந்திருக்கிறீர்கள்? காகித ஆலை எஞ்சினியர் நவநீதன். கேட்காமலே தெரிந்துவிட்டது. பெண்ணைப் பெற்றவர் வாசலில் செருப்பைக் கழற்றுகிற விதமே தனி. உடுமலையிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, ஆலை முன்னால் டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு திரும்பிவிடாமல் என் வீட்டைத் தேடி வந்தீர்களே, நல்ல காரியம் செய்தீர்கள். டீக்கடையில் கேட்டால் தங்கமான பையன் என்பார்கள். அவர்களா பெண் கொடுக்கப் போகிறார்கள்?

நான் உள்ளதைச் சொல்கிறவன். ஒரு பெண்ணின் வாழ்க்கை விஷயத்தில் பொய் சொன்னால் அந்தப் பாவம் சும்மா விடாது. அந்த ஆலையில் நான் ஃபோர்மேனாக இருந்தவன். பொன்னுரங்கம் என்றால் பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். இப்போதும் தெரியும், வேறு பேரில். அதற்குப் பிறகு வருகிறேன்.

அவன் இந்த ஊருக்கு வந்தபோது தங்க இடமில்லை. அடுத்த தெருவில் மாடி அறை பிடித்துக் கொடுத்தவன் நான். கட்டில், பக்கெட் எல்லாம் என் வீட்டிலிருந்து போனவை. ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றான். சரி, நம் வீட்டிலேயே சாப்பிடு என்றேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் மனைவி தெய்வாத்தாளுக்கு ஒருவர் வந்து உட்கார்ந்து சாப்பிட்டால் அதுவே திருவிழா. முதல் வாரம் என்னை சார் என்றான். இரண்டாவது வாரம் ஐயா. அப்புறம் மாமா ஆகிவிட்டேன், அவள் அத்தை ஆகிவிட்டாள். நாங்கள் கேட்கவில்லை, அவனாகவே கூப்பிட்டான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவனை ஆலையில் எதற்கு எடுத்தார்கள் என்றால், சென்சார் வைக்க. எங்கள் ஆலையில் ஈரக் காகிதம் பெரிய பெரிய இரும்பு உருளைகள் மேல் ஏறி இறங்கி ஓடும். உருளைக்கு உள்ளே நீராவி. கடைசி உருளையைத் தாண்டும்போது காகிதம் அப்பளம் மாதிரி காய்ந்திருக்கும். ஒவ்வொரு உருளைக்கும் இரண்டு முனையிலும் பேரிங். ஒரு பேரிங் போனால் மொத்த மிஷினும் நிற்கும். கெட்டுப் போவதற்கு முன்பே பேரிங் நடுங்கத் தொடங்கும், சூடாகும். அதைக் கண்டுபிடித்துச் சொல்கிற சாமான்தான் சென்சார். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. அடியில் காந்தம், ஒட்டினால் ஒட்டிக்கொள்ளும். ஒயர் கிடையாது. காற்றிலேயே கம்ப்யூட்டருக்குச் சேதி போய்விடும்.

எல்லா பேரிங்குக்கும் ஒன்று வைக்க நிர்வாகம் ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம்தான் வாங்கிக் கொடுத்தார்கள். அதை வைத்து எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும். எதை எங்கே வைப்பது என்று அவன் அந்த உருளைகளுக்கு நடுவே அலைந்தான் பாருங்கள், சட்டையைப் பிழிந்தால் வேர்வை ஒழுகும். இங்கே ஒட்டுவான், கம்ப்யூட்டரைப் பார்ப்பான், எடுப்பான், ஒரு ஜாண் தள்ளி ஒட்டுவான். "என்னப்பா, கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கற மாதிரி இவ்வளவு யோசனை?" என்று கேட்டேன்.

"திருடன் வர்ற ஊர்ல வீட்டுக்கு ஒரு காவல்காரன் போட முடியாதுங்க மாமா. நாலு மூலையில நாலு பேரை நிறுத்தலாம். எவன் காதுல சத்தம் பலமா விழுந்துச்சு, எவன் காதுல லேசா விழுந்துச்சுன்னு கேட்டா, திருடன் எந்தச் சந்துல பூந்தான்னு சொல்லிரலாம். ஆனா நான் நிறுத்தின இடத்துலயே அவன் நிக்கணும். இடம் மாறுனா நல்லவன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவோம்."

நன்றாகப் பேசுவான். அதில் குறை சொல்ல முடியாது. இடங்களை முடிவு செய்து ஒவ்வொரு இடத்திலும் மஞ்சள் பெயிண்டில் சின்ன வட்டம் போட்டு நம்பர் எழுதினான். சென்சார் மேலும் அதே நம்பர், ஸ்டிக்கரில். யாரும் தொட வேண்டாம் என்று எல்லோரிடமும் வாயால் சொன்னான். எழுதி ஒட்டியிருக்க வேண்டாமா? ஒட்டவில்லை. அது அவன் தப்பு. அதை அவனே பிறகு ஒப்புக்கொண்டான், அதுவும் எங்கே, எல்லோர் முன்னாலும். அதற்கு வருகிறேன்.

டீ குடியுங்கள், ஆறுகிறது. ஓ, சம்பந்தம் முடிவாகாமல் கை நனைக்க மாட்டீர்களா? இது பையன் வீடு இல்லையே. சரி, உங்கள் இஷ்டம்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. அவன் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போய்விட்டான். எங்கள் பகுதியில் பூஜை செய்வது எப்போதும் நான்தான். மிஷினை நிறுத்தி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, பச்சைப் பெயிண்ட் அடித்து, வாழைக்கன்று கட்டி, புது மாப்பிள்ளை மாதிரி நிறுத்திவிடுவோம். அந்த வருஷம் பார்த்தால் மிஷின் முகமெல்லாம் பிளாஸ்திரி ஒட்டின மாதிரி இந்தப் பெட்டிகள். சுற்றித் துடைத்தால் அழுக்கு ஓரத்திலேயே நிற்கிறது. சாமிக்கு முன்னால் அப்படியா நிறுத்துவது? எல்லாவற்றையும் எடுங்கடா என்றேன்.

எடுத்துக் கீழே போடவில்லை. கேட்டுக்கொள்ளுங்கள், கீழே போடவில்லை. மண்ணெண்ணெய்த் துணியால் ஒவ்வொன்றையும் துடைத்தேன். ஸ்பேனர், சுத்தியல், கேஜ் எல்லாம் வைத்திருந்த அதே தாம்பாளத்தில் வரிசையாக வைத்தேன். சந்தனம் வைத்து அதன் நடுவே குங்குமம் வைத்தேன். அதுவும் ஆயுதம்தானே? அந்தப் பையனுடைய ஆயுதம். அவன் ஊரில் இல்லையே, அவன் சார்பில் நான் செய்தேன். யார் செய்வார்கள் இதை? மறுநாள் மறுபூஜை முடியும் வரை ஒருவனையும் தொட விடவில்லை. பொரி, கடலை கொடுத்து, பூசணிக்காய் உடைத்து, எல்லாவற்றையும் திரும்ப ஒட்டிவிட்டேன். ஸ்டிக்கர் மண்ணெண்ணெயில் போயிருந்தது. வட்டங்கள் பெயிண்டில் போயிருந்தன. எல்லாம் ஒரே மாதிரிப் பெட்டி, ஒரே கம்பெனி. எது எங்கே இருந்தால் என்ன? பழைய இடங்களை ஒட்டியே, கை எட்டுகிற மாதிரிப் பார்த்து, பார்வைக்கு வரிசையாக ஒட்டினேன். முன்பை விட லட்சணமாகவே இருந்தது.

அவன் வந்து பார்த்தான். புதுப் பெயிண்டைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் மாறியது. "மாமா, சென்சாரை யாராவது எடுத்தாங்களா?"

"இல்லப்பா, சுத்தித்தான் அடிச்சோம். ஸ்டிக்கர் மட்டும் மண்ணெண்ணெய் பட்டுப் போயிருச்சு" என்றேன்.

வேறென்ன சொல்ல முடியும்? பிள்ளை ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து அலுத்துப்போய் நிற்கிறான். அந்த நேரத்தில் இதைச் சொல்லி மனசைக் கலைப்பதா? அவனும் சரிங்க மாமா என்று போய்விட்டான். வட்டத்தையும் நம்பரையும் மட்டும் திரும்பப் போட்டான், சென்சார் இருந்த இடத்திலேயே.

கொஞ்ச நாள் கழித்துக் கம்ப்யூட்டரில் சிவப்பு விளக்கு. கடைசி வரிசையில் ஒரு பேரிங் கெடுகிறது என்று. மிஷினை நிறுத்திப் பிரித்துப் பார்த்தால் அது புதுப் பெண் மாதிரி பளபளவென்று இருக்கிறது. மேனேஜருக்குக் கோபம். "ஏம்ப்பா, உன் பெட்டி ஜோசியம் சொல்லுதா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், என்னவோ அந்த நேரத்தில் சிரிப்பு வந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே ஆயிற்று. அதற்கப்புறம் அந்த விளக்கை யாரும் மதிக்கவில்லை. இவன் மட்டும் சாப்பிடும்போதும் சோற்றில் விரலால் கணக்குப் போடுவான். "எங்கியோ நான் தப்புப் பண்ணியிருக்கேன் மாமா" என்பான். மற்றவர்கள் மேல் ஒரு சந்தேகம் வர வேண்டாமா? பிழைக்கிற பிள்ளைக்கு அடையாளமா அது?

அப்புறம் ஒரு காலை, முன் வரிசையில் வேறொரு பேரிங் இறுகிப் போய் உருளை நின்றுவிட்டது. உருளை மேல் காகிதத்தை அழுத்திக்கொண்டு ஓடுகிற பெரிய கம்பளித் துணி ஒன்று உண்டு, அது தாறுமாறாகக் கிழிந்தது. ஒரு வாரம் ஆலை படுத்துவிட்டது. தலைமை ஆபீசிலிருந்து ஆட்கள் வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். அந்த பேரிங் அன்று காலை வரை ஆரோக்கியமாக இருந்ததாகத்தான் அதில் இருந்தது. நாள்பட்ட தேய்மானம் என்றால் நடுக்கம் முன்னாலேயே தெரிந்திருக்கும். தெரியவில்லை. அப்படியென்றால் அன்று காலை கிரீஸ் போடவில்லை, அதனால்தான் திடீரென்று போயிற்று என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அந்த வரிசைக்குக் கிரீஸ் போடுகிறவன் லூர்துசாமி. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. "போட்டனுங்க, அந்தோணியார் மேல சத்தியமா போட்டனுங்க" என்று அழுதான். கம்ப்யூட்டர் சொல்கிறதை விட்டுவிட்டு அந்தோணியாரையா கேட்பார்கள்? சஸ்பெண்ட் செய்து, விசாரணைக்கு நாள் குறித்தார்கள். தப்பு ருசுவானால் டிஸ்மிஸ். எனக்கும் வருத்தம்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்கே போய் ஆறுதல் சொன்னேன். கடவுள் பார்த்துக்கொள்வார் என்றேன். அதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்?

விசாரணைக்கு முந்தைய நாள் சாயந்திரம் நவநீதன் இங்கே வந்தான். நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலி. உள்ளங்கையை விரித்தான். ஒரு சென்சார், அடிப்பக்கம் மேலாக. காந்தத்தின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு பொருக்கு, அதில் ஒரு துளி சிவப்பு.

"இது என்னங்க மாமா?"

"துரு" என்றேன்.

மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தான். "துரு மணக்குதுங்க மாமா."

அவனே சொன்னான். எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தானாம், எல்லாவற்றிலும் சந்தனமாம். எதை எங்கே மாற்றி வைத்திருக்கிறோம் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டானாம். கடைசி வரிசைப் பெட்டி முன் வரிசைக்கு வந்துவிட்டதால், கடைசி வரிசை என்று கம்ப்யூட்டர் கத்தியதெல்லாம் இந்த முன் வரிசை பேரிங்கைத்தானாம். அது பல நாளாகக் கத்திக்கொண்டு இருந்திருக்கிறது. "லூர்தண்ணன் கிரீஸ் போட்டிருக்கார் மாமா. அந்த பேரிங் தேஞ்சு போனது. அவர் மேல தப்பே இல்லை. நாளைக்கு நீங்களே சொல்லிருங்க. பூஜைக்கு எடுத்தோம், திருப்பி வைக்கறப்ப மாறிப் போச்சுன்னு. தெரியாம நடந்தது, பெரிசா ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நானும் பக்கத்துல நிக்கறேன்."

"முதல்ல சாப்பிடு" என்றேன்.

தெய்வாத்தாள் அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கி வைத்திருந்தாள், நெய் விட்டு. சாப்பிட்டான். இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டான். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? மனஸ்தாபம் என்றால் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். கை நனைத்தால் பேச்சு அதோடு முடிந்தது. நம் பக்கத்தில் பிறந்தவன்தானே, அவனுக்குத் தெரியாதா? அதனால்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

கை கழுவும்போது, "நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன் மாமா" என்று சொன்னான்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஒருவன் சொல்வதை நிஜம் என்று யார் எடுத்துக்கொள்வார்கள், நீங்களே சொல்லுங்கள்?

மறுநாள் மேனேஜர் அறையில் விசாரணை. ஒரு பக்கம் லூர்துசாமி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், சர்ச்சுக்குப் போகிற மாதிரி. என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். "சென்சார்களை யாராவது இடம் மாற்றினதுண்டா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். முதலில் ஒன்று சொல்லிவிட்டுப் பிறகு மாற்றிச் சொல்வது நாணயமான மனிதனுக்கு அழகா?

அவன் எழுந்தான். என்னைப் பார்த்தான். நான் பேசுவேன் என்று காத்திருந்தான் போல. நான் ஜன்னலைப் பார்த்தேன். சென்சாரை மேஜை மேல் கவிழ்த்து வைத்தான். எல்லாவற்றையும் சொன்னான். என் பேரைச் சொல்லும்போது பொன்னுரங்கம் மாமா என்று வந்துவிட்டது, திருத்திக்கொண்டு ஃபோர்மேன் என்றான். அந்த அறையில் அந்த மாமா எப்படிக் கேட்டது என்று உங்களுக்குச் சொல்ல முடியாது.

அதோடு விட்டானா? கடைசியில் ஒன்று சொன்னான். "யாரும் தொடலைன்னு அவர் சொன்னார். நான் நம்பிட்டேன். சோதிச்சுப் பார்க்காம நம்புனது என் தப்பு. தொடக் கூடாதுன்னு எழுதி ஒட்டாததும் என் தப்பு. அதுக்கு என்ன நடவடிக்கையோ எடுங்க."

என்னை நம்பியது தப்பாம். கேட்டீர்களா? எல்லோர் முன்னாலும், என்னை நம்பியது தப்பாம். ஒரு மனிதனை இதைவிட அவமானப்படுத்த முடியுமா? நாலு அடி அடித்திருக்கலாம்.

நடவடிக்கை எடுத்தார்கள். அவனுக்கு வரவேண்டிய பதவி உயர்வு அந்த வருஷம் நின்றுபோனது. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறவனை நம்பி எப்படிப் பெண் கொடுப்பீர்கள்? லூர்துசாமிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. நல்லதுதான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவன் இவனுக்கு யார்? மாமனா, மச்சானா? மாமன் நானல்லவா? சோறு போட்டது என் வீடல்லவா?

என்னைப் பழைய காகிதக் கிடங்குக்கு மாற்றினார்கள். ஊரெல்லாம் தின்று துப்பின காகிதம், நோட்டு, திருமணப் பத்திரிகை எல்லாம் மூட்டை மூட்டையாக வரும், அதை எடை பார்த்து உள்ளே அனுப்புகிற வேலை. ஓய்வு பெறும் வரை அங்கேதான். பொட்டு ஃபோர்மேன் என்று பேர் வைத்துவிட்டார்கள். சைக்கிளில் போனால், "பொட்டுக்காரரே, வண்டிக்குச் சந்தனம் வைக்கலீங்களா?" என்று கேட்பான்கள். இன்னும் கேட்கிறான்கள்.

லூர்துசாமி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக் கொண்டுவந்து கொடுக்கிறான். குத்திக்காட்டத்தான், வேறெதற்கு? தெய்வாத்தாள் வாங்கி வைத்துக்கொள்கிறாள். அவளுக்கு விவரம் பற்றாது.

என்ன தெய்வாத்தா? ஒன்றுமில்லை, நீ உள்ளே போ. பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். நல்ல பையன் என்கிறாள், கேட்டீர்களா? கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு நல்ல பையன் என்கிறாள். ஒவ்வொரு மாசமும் எலுமிச்சை ஊறுகாய் போடுகிறாள், பாட்டில் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

விசாரணை முடிந்த அன்று சாயந்திரமும் அவன் வந்தான். வழக்கமான நேரத்துக்கு வந்து வாசலில் நின்றான். "மாமா" என்று கூப்பிட்டான். நான் டி.வி.யைச் சத்தமாக வைத்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான். அப்புறம் வரவில்லை. கட்டிலையும் பக்கெட்டையும் ஆள் வைத்துத் திருப்பி அனுப்பினான். கழுவித் துடைத்து அனுப்பியிருந்தான். அந்தத் திமிரைப் பாருங்கள்.

அவ்வளவுதான். என்ன நடந்ததோ அதை மறைக்காமல் சொல்லிவிட்டேன். குடிப்பானா என்றால் குடிக்க மாட்டான். வேறு கெட்ட பழக்கம் ஒன்றும் என் கண்ணில் பட்டதில்லை. ஆனால் இது ஒன்று போதாதா?

என்ன கேட்டீர்கள்? அவன் அம்மா வீட்டுக்கு எந்த பஸ்ஸா? தாராபுரம் வண்டி ஏறி, அங்கிருந்து டவுன் பஸ். எதற்கு? வேண்டாம் என்று சொல்ல ஒரு போன் போதாதா? நேரில் போய்த்தான் சொல்ல வேண்டுமா?

அந்தப் பையில் தேங்காய், பழம், வெற்றிலை எல்லாம் இருக்கிறதே. எனக்கு வாங்கி வந்தீர்கள் என்று நினைத்தேன். பரவாயில்லை, பரவாயில்லை, எடுத்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன்னால் ஒன்று. என் பேரை யார் கொடுத்தது? தரகர்தானே?

அவனா?

அவனேவா? என்ன சொன்னான்? என்னைப் பற்றி முழுசாகத் தெரிந்தவர் மாமாதான், அவர் என்ன சொல்கிறாரோ அதைக் கேட்டு முடிவு செய்யுங்கள் என்றா? மாமா என்றே சொன்னானா?

தெய்வாத்தா, அந்த ஃபேனைக் கொஞ்சம் வேகமாக வை.

எவ்வளவு நெஞ்சழுத்தம் பார்த்தீர்களா? சரி, கிளம்புங்கள், இரண்டு மணி வண்டியை விட்டால் அப்புறம் நிற்க இடமிருக்காது. அங்கே போய்க் கை நனைக்கிறதும் நனைக்காததும் உங்கள் இஷ்டம். நான் தடுக்கவில்லை. உங்கள் பெண்ணிடம் மட்டும் ஒன்று சொல்லி வையுங்கள். வீட்டில் ஒரு பொருளை எடுத்தால் எடுத்த இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். மாற்றி வைத்துவிட்டு நான் தொடவில்லை என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். அவன் நம்பிவிடுவான். அதுதான் அவனிடம் இருக்கிற பெரிய கஷ்டம், எதைச் சொன்னாலும் முதலில் நம்பிவிடுவான்.